ஸ்கூபாவுக்கு முதல் ஃபின் வாங்கப் போகிறீர்களா? பிளேடை அப்புறம் பார்க்கலாம், முதலில் பாதம்

ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரோடு கடலில் மூழ்கும் பயிற்சி முடிந்து சான்றிதழ் கார்டு கைக்கு வந்ததும் பலர் முதலில் வாங்க நினைப்பது மாஸ்க், அடுத்தது காலில் மாட்டும் துடுப்பான ஃபின். அதில் தண்ணீரைத் தள்ளும் தட்டையான பகுதிதான் பிளேடு. மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்தால் பொருந்துகிறதா இல்லையா என்று கடையிலேயே தெரிந்துவிடும். ஃபின் அப்படி இல்லை. கடையில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும், கடலில் இரண்டாவது மூன்றாவது டைவில்தான் அதன் குணம் வெளியே வரும்.

மலேசியாவில் லங்காவி பக்கம் இருக்கும் பாயார் தீவுக்குப் போகும் படகில் பட்டர்வொர்த் தம்பி ஒருவர் போனில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணே, இது நல்லா நீளமா இருக்கு, வேகமாப் போகலாம்தானே?" என்று கேட்டார். அவர் காட்டியது ஃப்ரீடைவிங்குக்கான நீள பிளேடு. மூச்சை அடக்கிக்கொண்டு நேராக இறங்கி நேராக ஏறுகிறவர்களுக்கு அது அருமையான சாமான். முதுகில் சிலிண்டரோடு பவளத்துக்கு ஒரு மீட்டர் மேலே மெதுவாக ஊர்ந்து போகிற நமக்கு அந்த நீளம் தொல்லை, நாம் பார்க்காத பக்கத்தில் எதையாவது இடித்துக்கொண்டே வரும். வேகமும் நமக்கு வேண்டியதில்லை, வேகமாக உதைக்க உதைக்க சிலிண்டரில் காற்றுதான் சீக்கிரம் இறங்கும். அன்று படகில் அவரிடம் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பாதம். பிளேடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கால் நுழையும் பகுதி பொருந்தாவிட்டால் அந்த ஃபின் உங்களுக்கு இல்லை. நான் முதன்முதலில் வாங்கியது ஒரு அளவு பெரியது. கடையில் "கொஞ்சம் லூஸா இருந்தா நல்லது" என்று சொன்னதை நம்பி வாங்கிக்கொண்டு பெர்ஹெந்தியான் தீவுக்குப் போனேன். ஒவ்வொரு உதைக்கும் குதிகால் உள்ளே ஒரு அரை விரல் வழுக்கும், அவ்வளவுதான், பெரிதாகத் தெரியாது. இரண்டாம் நாள் மத்தியானம் கழற்றிப் பார்த்தால் இரண்டு குதிகாலிலும் ஒரு வெள்ளிக்காசு அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. உப்புத் தண்ணீர் பட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்றாம் நாள் மற்றவர்கள் கடலுக்குப் போக, நான் கரையில் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் கடையில் அவசரப்படாதீர்கள். காலையில் போவதைவிட சாயங்காலம் போவது நல்லது, நாள் முழுக்க நடந்த பாதம் லேசாக வீங்கியிருக்கும், சப்பாத்து வாங்கும்போது பார்ப்பது போலத்தான். உட்கார்ந்து மாட்டுங்கள், காலை நீட்டித் தரையிலிருந்து தூக்குங்கள், கணுக்காலை மட்டும் மேலும் கீழும் பத்துப் பதினைந்து தடவை ஆட்டுங்கள். குதிகால் எழும்பி இறங்கினால் பெரியது. விரல்கள் மடங்கினால் சிறியது. பாதத்தின் மேல்பக்கம், கட்டைவிரல் எலும்பு பக்கம், எங்கேயாவது ஒரு இடத்தில் மட்டும் அழுத்தினால் அதுவும் வேண்டாம், "போகப் போகச் சரியாகும்" என்பது தோல் சப்பாத்துக்குப் பொருந்தும், பிளாஸ்டிக்குக்கும் தடித்த ரப்பருக்கும் பொருந்தாது. ஐந்து நிமிடம் கழற்றாமல் அப்படியே உட்காருங்கள். மரத்துப்போனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அளவு எண்ணை நம்பவே வேண்டாம், ஒரு கம்பெனியின் 42 இன்னொரு கம்பெனியில் 40 மாதிரி இருக்கும்.

அடுத்த முடிவு, குதிகால் மூடியதா திறந்ததா என்பது. மூடிய வகையில் வெறுங்காலோடு செருப்பு மாதிரி நுழைத்துக்கொள்ளலாம், எடை குறைவு, விலையும் பொதுவாகக் குறைவு, பூட்டி எனும் டைவிங் காலணி வேண்டியதில்லை. திறந்த வகையில் முதலில் நியோபிரீன் எனும் மெத்தென்ற ரப்பரில் செய்த பூட்டி போட்டு, அதற்கு மேல் ஃபின்னை மாட்டி, பின்னால் ஒரு பட்டையை இழுத்துக்கொள்ள வேண்டும். குளிர்க் கடல்களில் பூட்டி இல்லாமல் முடியாது, அங்கே கேள்விக்கே இடமில்லை. நம் பக்கத்துக் கடல் 28, 29 டிகிரியில் இருப்பதால் குளிருக்காக யாருக்கும் பூட்டி தேவையில்லை. அப்படியென்றால் மூடியதே போதுமா? படகிலிருந்து மட்டும் இறங்குபவர் என்றால் போதும். கரையிலிருந்து நடந்து இறங்குவதாக இருந்தால் நான் திறந்த வகையைத்தான் சொல்வேன். தீவுக் கரைகளில் மத்தியான மணல் பாதத்தைச் சுடும், இடுப்பளவு தண்ணீரில் உடைந்த பவளத் துண்டுகள் கத்தி மாதிரிக் கிடக்கும், நடுவில் கறுப்பு முள்ளோடு கடல் அர்ச்சின் வேறு. அந்த முள் உள்ளே போய் ஒடிந்தால் எடுப்பது லேசான வேலை இல்லை. படகு ஜெட்டியில் ஈரத் தரையில் சிலிண்டரோடு நடக்கும்போதும் பூட்டியின் அடிப்பாகம் வழுக்காமல் பிடிக்கும்.

திறந்த வகை வாங்கினால் பூட்டியை முதலில் வாங்குங்கள், அதைப் போட்டுக்கொண்டுதான் ஃபின்னைப் பார்க்க வேண்டும். வேறு பூட்டி போட்டுப் பார்த்து வாங்கிய ஃபின் உங்கள் பூட்டிக்கு நுழையாமல் போகலாம். பட்டையையும் கவனியுங்கள். பிளாஸ்டிக் கொக்கி வைத்த சாதாரண ரப்பர் பட்டை காலப்போக்கில் வெடிக்கும், ஒரு தடவை வாடகை ஃபின் ஒன்றின் பட்டை தண்ணீரில் குதிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது என் கையில் இரண்டாகப் பிரிந்துவிட்டது, படகில் வேறு பட்டை இல்லை, அந்த டைவ் அத்தோடு போனது. துருப்பிடிக்காத எஃகுச் சுருள் பட்டை கொஞ்சம் கூடுதல் விலை, ஆனால் ஒரு விரலால் இழுத்து மாட்டலாம், அதே மாதிரி கழற்றலாம். ஆடும் படகில் ஏணியைப் பிடித்தபடி ஒற்றைக் கையால் ஃபின்னைக் கழற்றிக் கொடுக்கும்போது அந்தக் காசின் அருமை தெரியும். ஃபின்னுக்குச் செலவழிக்கிற பணத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இப்போது பிளேடு. எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால், நீங்கள் எப்படி உதைக்கிறீர்கள் என்று உங்களையே கேளுங்கள். பெரும்பாலானோர் முதலில் கற்பது காலை மேலும் கீழும் மாற்றி மாற்றி அடிப்பது. இன்னொன்று தவளை உதை, இரண்டு காலையும் மடக்கி, பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒரு கணம் சும்மா வழுக்கிப் போவது. மேலும் கீழும் அடிக்கும்போது தண்ணீர் கீழ்நோக்கித் தள்ளப்பட்டு மணலைக் கிளப்பும். தவளை உதை தண்ணீரைப் பின்பக்கம் அனுப்பும், அடியில் உள்ளது அப்படியே கிடக்கும். பாயாரில் தெளிவில்லாத நாட்களில் முன்னால் போகிற ஒருவர் மணலைக் கிளப்பிவிட்டால் பின்னால் வரும் நாலு பேருக்கும் ஒன்றும் தெரியாது. அதைவிட, அந்த மணல் போய் உட்காருவது பவளத்தின் மேல். உருண்டையாக வளரும் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. நம் முழங்கால் உயரப் பாறை ஒன்று நம் தாத்தா காலத்திலிருந்து வளர்ந்து வந்ததாக இருக்கும். ஃபின் நுனி ஒரு தட்டுத் தட்டினால் போதும். அதனால் எனக்கு நல்ல ஃபின் என்றால் கட்டுப்பாட்டில் இருக்கிற ஃபின்தான்.

நடுவில் பிளந்த பிளேடு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மேலும் கீழும் சின்னச் சின்னதாக அடித்தால் அது குறைந்த பலத்தில் நன்றாக ஓடும், முட்டி வலி, கணுக்கால் வலி உள்ளவர்களுக்கு உண்மையிலேயே உதவி. ஆனால் தவளை உதையிலும் பின்னோக்கிப் போவதிலும் நின்ற இடத்தில் திரும்புவதிலும் அதில் பிடிமானம் கிடைக்காது, தண்ணீர் பிளவு வழியாக நழுவிவிடும். முட்டிப் பிரச்சினை இல்லாதவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

மற்றபடி பிளக்காத ஒரே துண்டு பிளேடுதான். அதில் ரப்பர் ஒரு பக்கம், பிளாஸ்டிக் கலவை ஒரு பக்கம். 1960களில் வந்த ஸ்கூபாபுரோ ஜெட் ஃபின் முழுக்கத் தடித்த ரப்பர், குட்டையான பிளேடு, அதில் துவாரங்கள், இன்றைக்கும் ஏறக்குறைய அதே வடிவத்தில் விற்கிறார்கள். தவளை உதைக்கு அதைப் போல அமைவது குறைவு, பல வருஷம் உழைக்கும். ஆனால் ஒரு ஜோடி இரண்டு கிலோவைத் தாண்டும், தண்ணீரில் மூழ்கும். மேரஸ் அவாந்தி குவாட்ரோ போன்ற பிளாஸ்டிக் பிளேடுகளில் தண்ணீர் பக்கவாட்டில் வழியாமல் பின்னால் போக நீள நீளமாக வாய்க்கால் மாதிரி வைத்திருப்பார்கள், நல்ல தள்ளு கிடைக்கும், தண்ணீரில் எடையும் குறைவு.

இந்த எடை விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. குளிர்க் கடலில் தடித்த உடை போடுகிறவர்களுக்குக் கால் மேலே மிதக்கும், அவர்களுக்குக் கனமான ஃபின் வேண்டும். நாம் மெல்லிய உடையில், சிலர் வெறும் டீசட்டையில் இறங்குகிறோம். ஏற்கனவே கால் கீழே தொங்குகிறவர் கனமான ரப்பரை மாட்டினால் உடம்பு சாய்ந்து, நுனி தரையைத் துழாவிக்கொண்டே வரும். சோதிப்பது எளிது. நீச்சல் குளத்தில் முழு சாமானோடு நடுத்தண்ணீரில் மட்டமாகப் படுத்து, கை காலை அசைக்காமல் அரை நிமிடம் இருங்கள், பக்கத்தில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கால் இறங்கினால் லேசான ஃபின், ஏறினால் கனமான ஃபின். இதைப் பார்க்காமல் ரப்பர் வாங்கிவிட்டு விற்றவர்களை எனக்குத் தெரியும். கோலாலம்பூரிலிருந்து சபாவின் தவாவுக்குப் பறந்து சிபாடான் தீவுக்குப் போகிற திட்டம் இருந்தால் விமானத்தில் அந்த இரண்டு கிலோவும் கணக்கில் வரும்.

பிளேடு எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதற்கு, நுனியைப் பிடித்து வளைத்துப் பாருங்கள். துணி மாதிரி மடங்கினால் நீரோட்டத்தில் கைவிட்டுவிடும், பலகை மாதிரி நின்றால் உங்கள் கெண்டைக்கால்தான் வளையும். பெர்ஹெந்தியான் பக்கத்து டைவ் இடமான டோக்கோங் லாவுட்டில் நீரோட்டம் திரும்பிய ஒரு நாள், இரவல் வாங்கிய மிக விறைப்பான ஃபின்னோடு பாறையைச் சுற்றி வரும்போது எனக்குக் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. ஃபின் நுனியைக் கையால் பிடித்து என் பக்கம் இழுத்து நீட்டியபடி, கூட வந்தவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தேன். பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் படிகளை மூச்சு வாங்காமல் ஏறுகிற காலாக இருந்தால் விறைப்பானது தாங்கும். வருஷத்துக்கு ஒரு தடவை தீவுக்குப் போகிறவர் நடுத்தரமே வாங்கட்டும்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா? வாங்காதீர்கள். டைவ் விலையில் வாடகை ஃபின் பெரும்பாலும் சேர்ந்தே வரும். நாலு டைவுக்கு நாலு விதமாகக் கேட்டு மாட்டுங்கள், நண்பர்களுடையதைக் குளத்தில் ஒரு சுற்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், எதைக் கழற்றும்போது காலில் ஒன்றுமே உறுத்தவில்லையோ அதன் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கரையிலும் படகிலும் கலந்து போகிற நம் ஊர்க்காரருக்கு நான் பொதுவாகச் சொல்வது: திறந்த குதிகால், சுருள் பட்டை, நடுத்தர விறைப்பு, பிளக்காத பிளாஸ்டிக் பிளேடு.

வாங்கியதும் உள்ளே வைத்து வரும் பிளாஸ்டிக் அச்சைத் தூக்கிப்போட வேண்டாம். ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, அந்த அச்சைத் திரும்ப உள்ளே வைத்துப் படுக்கப்போடுங்கள். நுனியைத் தரையில் ஊன்றிச் சுவரில் சாய்த்து வைத்தால் பிளேடு வளைந்துவிடும், வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் விட்டாலும் அதே கதிதான்.