'இ நெகட்டிவ்' என்று வந்ததும் ஃபைலை மூடிவிடாதீர்கள்

குளச்சலிலோ மார்த்தாண்டத்திலோ ஒருவர் வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுத்து, ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் பாசிட்டிவ் என்று 'அன்ஃபிட்' ஆகி வந்தால், வீட்டில் பேச்செல்லாம் போன விசாவைப் பற்றித்தான். பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டுமே என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றினால் நூற்றில் 5 பேருக்குக்கூட அது தங்குவதில்லை. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினாலோ நூற்றில் 90 குழந்தைகளுக்குத் தங்கிவிடும். அப்படியென்றால் இவருக்கே சிறுவயதில் வந்திருக்கலாம். மனைவி மக்கள் மட்டுமல்ல, அவருடைய அம்மாவும் உடன்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"பிள்ளைக்குக் கண் மஞ்சளாகவே இல்லையே" என்பார்கள். குழந்தைகளிடம் இந்த வைரஸ் பெரும்பாலும் சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் இருக்கும். கீழாநெல்லியை நம்பி உட்கார்ந்திருப்பதும் வேண்டாம். 1988-இல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு அதற்கு நம்பிக்கை கொடுத்தது உண்மைதான். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

சரி, படித்தவர்களே சறுக்குகிற இடம் ரிப்போர்ட். இ ஆன்டிஜென் என்பது இந்த வைரஸ் பெருகும்போது ரத்தத்தில் விடும் ஒரு புரதம். 'இ ஆன்டிஜென் நெகட்டிவ்' என்று பார்த்ததும் வைரஸ் போய்விட்டது என்று ஃபைலைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். இந்த வைரஸின் மரபுச்சரம் ஏறக்குறைய 3,200 எழுத்துகள்தான். அதைப் படியெடுக்கும் நொதி எழுத்துப்பிழையைத் திருத்தாது; பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். சின்ன வயதில் உடம்பு வைரஸோடு சண்டைக்குப் போவதில்லை, இ ஆன்டிஜென்னும் தாராளமாக இருக்கும். பிள்ளை வளர்ந்து எதிர்ப்பு தொடங்கும்போது, அந்த ஆன்டிஜென்னைக் காட்டாத வைரஸ் தப்பிப் பிழைக்கும். 1896-ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், இ ஆன்டிஜென் உருவாவது நின்றுவிடும். வைரஸ் பெருகுவது நிற்காது. இந்த வைரஸில் இந்தியாவில் அதிகம் காணப்படும் ஏ, டி வகைகளில், டி வகையில்தான் இந்த மாற்றம் சகஜம். ஆகவே நெகட்டிவ் என்பது நல்ல செய்தியாகவும் இருக்கலாம், வேஷமாகவும் இருக்கலாம். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று சொல்லும் வைரல் லோடும், ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி.யும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும், அதுவும் ஒரு தடவை பார்த்தால் போதாது. எஸ்.ஜி.பி.டி.க்கு லேப் தாளில் அச்சடித்திருக்கும் 40 பெரியவர்களுக்கானது, பிள்ளைகளுக்கு அந்த எல்லை இன்னும் கீழே.

வைரஸை அடக்கும் மாத்திரை எல்லாப் பிள்ளைக்கும் தேவைப்படாது. தொடங்கிவிட்டால், நன்றாக இருக்கிறானே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். வைரஸ் திடீரென்று கிளம்பி ஈரலைத் தாக்கலாம். விட்டுவிட்டுப் போடுவதும் மருந்துக்கு அடங்காத வைரஸுக்கு வழிவிடுவதுதான்.

தடுப்பூசிக்கே பிடிபடாத மாறிய வைரஸ் இருக்கிறதாமே என்று ஊசியைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. இருக்கிறது, ஆனால் அபூர்வம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டே ஆக வேண்டும். தாய்க்குப் பாசிட்டிவ் என்றால், தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலினும் 12 மணி நேரத்துக்குள் மற்றத் தொடையில் போடுவார்கள். அப்புறம் 6, 10, 14 வாரங்களில் ஹெப்படைட்டிஸ் பி-யும் சேர்ந்த பென்டாவேலன்ட் தடுப்பூசி. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. இப்படி ஊசி போட்ட கைக்குழந்தைக்கு ரத்தம் பார்க்க மட்டும் அவசரப்படாதீர்கள். 9 மாதம் முடிந்த பிறகு பார்த்தால்தான் ஊசி பிடித்ததா என்பது சரியாகத் தெரியும்.