பழைய ஜார்ஜிய நூலில் ‘சோம்கிதி’ எந்த நிலம்? கண்டுபிடிக்கும் முறை

ஜார்ஜிய மொழியில் ஆர்மீனியர் ‘சோமெகி’, அவர்கள் நாடு இன்று ‘சோம்கேதி’. ஆர்மீனியர் தம்மை ‘ஹாய்’ என்றும் நாட்டை ‘ஹயாஸ்தான்’ என்றும் சொல்வதால், இது முழுக்க அண்டை வீட்டார் வைத்த பெயர். இடைக்கால நூல்களில் வரும் ‘சோம்கிதி’ என்ற வடிவம் சில இடங்களில் ஆர்மீனியா முழுவதையும், சில இடங்களில் தெபெத், க்ராமி ஆற்றுப் பள்ளத்தாக்குகளை ஒட்டிய ஜார்ஜிய-ஆர்மீனிய எல்லைப்புறத்தை மட்டும் குறிக்கும். எழுத்தை மட்டும் பார்த்து ‘கே’ என்றால் நாடு, ‘கி’ என்றால் மாகாணம் என்று பிரித்தால் தவறிவிடும். பழைய நூல்கள் நாட்டையும் ‘சோம்கிதி’ என்றே எழுதுகின்றன.

முதலில், சொல் ஊரைச் சொல்கிறதா, ஆட்களைச் சொல்கிறதா என்று பாருங்கள். ஜார்ஜிய அரசர் நான்காம் தாவித் காலம் தொட்டு வளர்ந்த அரச பட்டம் ‘அப்காசியர், கார்த்வெலியர், ரானியர், காகெதியர், சோமெகியர் ஆகியோரின் அரசன்’ என்று போகும். அங்கே இருப்பது ‘சோமெக்தா’; ‘தா’ பன்மை வேற்றுமை உருபு. அது மக்களின் பெயர், எல்லைக்கோடு அல்ல. இதை வைத்து வரைபடம் வரைந்தவர்கள் பலர் வழுக்கியிருக்கிறார்கள்.

அடுத்தது காலம். இங்கே நிதானம் வேண்டும், ஏனெனில் பொருள் மாறியதன் காரணமே இதில்தான் இருக்கிறது. ஜார்ஜியாவின் தெற்கு எல்லையைத் தாண்டியதும் வந்த முதல் ஆர்மீனிய நிலம் தாஷிர்-சோராகெத் அரசு. அதை ஆண்டவர்கள் ஆர்மீனிய பக்ராத்திய அரச மரபின் கியூரிகியர் கிளையினர். தலைநகர் முதலில் சாம்ஷ்வில்தே, பிறகு லோரி. 1110-இல் சாம்ஷ்வில்தேயும் 1118-இல் லோரியும் தாவித்தின் கைக்கு வந்தன. நிலம் உள்ளே வந்துவிட்டது, பெயர் அதனுடனேயே ஒட்டிக்கொண்டது. ‘அந்தப் பக்கத்து நாடு’ என்றிருந்த சொல் ‘நம் தென் மாகாணம்’ ஆயிற்று. ஆகவே 1118-க்கு முந்தைய நிகழ்ச்சி என்றால் நாடு என்ற பொருளை முதலில் வைத்துப் பாருங்கள். பிந்தையது என்றால் இரண்டுக்கும் இடம் விடுங்கள். 1745-இல் ஜார்ஜிய இளவரசரும் வரலாற்றாசிரியருமான வாகுஷ்தி பக்ராத்தியோனி முடித்த நில விவரணையில் அது கிழக்கு ஜார்ஜியாவின் கார்த்லிக்குள் ஒரு பகுதியாகவே நிற்கிறது.

நிகழ்ச்சியின் காலமும் ஏடு எழுதப்பட்ட காலமும் வேறு. ‘கார்த்லிஸ் த்ஸ்கோவ்ரெபா’ என்ற ஜார்ஜிய வரலாற்று நூல் தொகுப்பை 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்லியை ஆண்ட ஆறாம் வக்தாங் அமைத்த அறிஞர் குழு திருத்தியது. கிடைக்கும் ஜார்ஜியப் பிரதிகளில் பழையது, 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரசி அன்னாவின் பிரதி. இரண்டிலும் அதே வரியை ஒப்பிடாமல் முடிவுக்கு வராதீர்கள்.

பிறகு அக்கம்பக்கத்துப் பெயர்கள். ஒரே வாக்கியத்தில் லோரி, தாஷிர், தெபெத் அல்லது அதன் பழைய பெயராகக் கொள்ளப்படும் பெர்துஜி வந்தால் எல்லைப்புறம். அனி, த்வின் போன்ற பழைய ஆர்மீனியத் தலைநகரங்கள் வந்தால் பெரும்பாலும் நாடு. ஓர்பெலி, ம்கார்கிர்த்செலி என்ற பிரபுக் குடும்பங்களின் பெயர் வந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள்: இரு குடும்பமும் லோரியை வைத்திருந்தன, ஆனால் ம்கார்கிர்த்செலிகள் அனியையும் ஆண்டார்கள்.

ரஷ்ய நூல்வழி வந்த ‘சோம்கேதியா’வை நேரே ‘ஆர்மீனியா’ என்று மொழிபெயர்க்க வேண்டாம். பெரும்பாலும் அது எல்லைப்புறமே. இரு நாட்டு எல்லையில் நிற்கும் சோம்கேதி மலைத்தொடரும், நிலவியலாளர் சொல்லும் சோம்கேதி-கராபாக் மண்டலமும் அந்தக் குறுகிய பொருளையே தாங்கியிருக்கின்றன. அதே மலைத்தொடருக்கு ஆர்மீனிய மொழியில் ‘விராஹயோத்ஸ்’ என்று பெயர்: ‘விர்’ ஜார்ஜியர், ‘ஹாய்’ ஆர்மீனியர்.