டிக்கிக்குள் சாவி மாட்டிக்கொண்டால்: ஆத்தங்குடியில் நான் காரைத் திறந்த முறை

போன வைகாசியில் ஆத்தங்குடிக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டு முகப்பில் உடைந்த தரைக்கற்களுக்கு (டைல்ஸ்) மாற்று வாங்க வேண்டியிருந்தது. பட்டறை வாசலில் காரை நிறுத்தி, ரிமோட்டை அமுக்கி டிக்கியை மட்டும் திறந்தேன். சாவியை ஒரு ஓரமாக வைத்துவிட்டுக் கற்களை அடுக்கினேன். நடுவில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது, கவனிக்கவில்லை. டிக்கியைச் சாத்திய பிறகுதான் புரிந்தது: நான்கு கதவும் பூட்டு, டிக்கியும் பூட்டு, சாவி உள்ளே.

நடந்தது இதுதான். ரிமோட்டில் திறந்த பிறகு 30 விநாடி போல எந்தக் கதவையும் திறக்காவிட்டால் பல கார்கள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். என் கார் டிக்கி திறந்ததைக் கதவு திறந்ததாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் கார் எப்படி என்று இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். சோதிக்கும்போது ஜன்னல் ஒன்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

குழந்தையோ, வயதானவரோ, நாயோ உள்ளே இருந்தால் கீழே எழுதியிருக்கும் எதையும் செய்ய வேண்டாம். கண்ணாடியை உடையுங்கள். நம் பக்கத்து வெயிலில் சாத்திய காருக்குள் சில நிமிடங்களிலேயே சூடு ஏறிவிடும். ஒருவர் 112க்கு அழைக்கட்டும், இன்னொருவர் குழந்தைக்குத் தள்ளி இருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியை உடைக்கட்டும். நடுவில் அடிக்காதீர்கள், மூலையில் அடியுங்கள். கூர்மையான, கனமான பொருள் வேண்டும். முன் கண்ணாடியில் நேரத்தை வீணாக்காதீர்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது அது. விரிசல் விடும், வழி விடாது.

யாரும் உள்ளே இல்லையென்றால்

நான்கு கதவையும் டிக்கியையும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். அப்புறம் மாற்றுச் சாவி. எனக்கு அது காரைக்குடி வீட்டில் இருந்தது; வீட்டில் எல்லோரும் மதுரைக்குப் போயிருந்தார்கள்; வீட்டுச் சாவியோ கார் சாவிக் கொத்திலேயே இருந்தது.

அடுத்து காப்பீடு. வழியில் உதவும் சேவை உங்கள் பாலிசியில் சேர்ந்திருந்தால் அந்த எண்ணை அழையுங்கள். பாலிசிக் காகிதம் காருக்குள் இருந்து பயனில்லை, கைபேசியில் படமெடுத்து வையுங்கள். எனக்கு வரவேண்டிய ஆள் மதுரையிலிருந்து கிளம்பி வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். காரைக்குடியில் எனக்குத் தெரிந்த டூப்ளிகேட் சாவிக்காரரும் அன்று ஊரில் இல்லை. அவர்கள் வர முடிந்தால் அவர்களையே கூப்பிடுங்கள். நான் செய்ததைவிட அது நல்ல வழி. கூலியை மட்டும் போனிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஆப்பும் கம்பியும்

கதவின் மேல் மூலையில் விரல் நுழையும் அளவு இடைவெளி உண்டாக்கி, கம்பியை விட்டு, உள் கைப்பிடியை இழுக்க வேண்டும். தொழில் தெரிந்தவர்கள் இதற்குக் காற்றடிக்கும் சின்னப் பை வைத்திருக்கிறார்கள். சொருகிப் பம்பை அமுக்கினால் மெதுவாக உப்பும், பெயின்ட் கெடாது. இணையத்தில் வாங்கலாம். நான் இப்போது ஒன்று வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். அன்று பட்டறையில் கிடைத்தது மர ஆப்புதான். அதற்குத் துண்டைச் சுற்றி, கீலுக்கு எதிர்ப்பக்க மேல் மூலையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினோம். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், கதவுச் சட்டம் வளைந்துவிடும். அப்புறம் ஆயுசுக்கும் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும்.

கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே தகட்டை இறக்கித் துழாவும் பழைய முறையும் வேண்டாம். அம்பாசிடர் காலத்தில் சரி. இப்போது கதவுக்குள் வயர்கள் ஓடுகின்றன, சில கார்களில் ஏர்பேக் சென்சாரும் இருக்கிறது.

நான் தடுமாறிய இடம் கம்பிதான். முதலில் கட்டுக்கம்பியை முறுக்கி விட்டேன். கைப்பிடியில் மாட்டி இழுத்ததும் நூல் மாதிரி நிமிர்ந்துவிட்டது. பிறகு பக்கத்தில் கட்டட வேலை நடந்த இடத்தில் 6 எம்.எம். கம்பி ஆறடிக்குக் கேட்டு வாங்கி, நுனியைக் கொக்கியாக வளைத்து, பழைய சைக்கிள் ட்யூப்பைச் சுற்றிக் கட்டினோம். ரப்பர் வழுக்காது, உள்ளே கீறவும் கீறாது.

டிரைவர் பக்கக் கதவில் ஆப்பை வைத்து, அதே கதவின் கைப்பிடியைப் பிடிக்க அரை மணி நேரம் போராடினேன். கம்பி உள்ளே போய்த் திரும்பி வளைய வேண்டும், அதுதான் சிக்கல். பட்டறையில் கல் வார்த்துக்கொண்டிருந்த பெரியவர் கண்ணாடிப் பலகையைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார். (ஆத்தங்குடிக் கல்லின் வழவழப்பு அந்தக் கண்ணாடி மேல் வார்ப்பதால் வருவது.)

"தம்பி, இந்தப் பக்கம் விட்டு இந்தப் பக்கமே ஏன் பிடிக்கிறீங்க? அந்தப் பக்கமா விடுங்க, நேரா வரும்" என்றார்.

இடப்பக்க முன்கதவில் ஆப்பை மாற்றினோம். கம்பி இருக்கைகளைத் தாண்டி டிரைவர் கதவுக்கு நேராகப் போனது. அவர் டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்து "மேல, இன்னும் கொஞ்சம் மேல, இப்ப இழுங்க" என்று சொல்லச் சொல்ல நான் நகர்த்தினேன். இரண்டாவது ஆள் இல்லாமல் இதைச் செய்ய முயலாதீர்கள்.

முதலில் சென்டர் லாக் பட்டனைக் குத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. ரிமோட்டில் பூட்டினால் சில கார்களில் அந்தப் பட்டன் வேலை செய்யாது. கைப்பிடியைத்தான் இழுக்க வேண்டும். என் காரில் முதல் இழுப்பில் பூட்டு விடுபட்டது, இரண்டாவதில் கதவு திறந்தது. ஒரு தடவை இழுத்துவிட்டு முடியாது என்று விட்டுவிடாதீர்கள். பின்கதவில் குழந்தைப் பூட்டு போட்டிருந்தால் எத்தனை தடவை இழுத்தாலும் திறக்காது, அதனால் முன்கதவையே குறிவையுங்கள்.

கதவு திறந்ததும் அலாரம் அலறும். பதறாமல் சாவியை எடுத்து ரிமோட்டை அமுக்கினால் நிற்கும். ஆர்சி நகல் கைபேசியில் இருந்தால் கூடும் கூட்டத்துக்குக் காட்டலாம்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டுத் தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டார்: சாவி கையில்தான் இருக்கிறது, பட்டன் ஸ்டார்ட் கார், ரிமோட் செத்துவிட்டது, கதவில் சாவித் துளையே இல்லை, என்ன செய்வது? துளை இருக்கும். டிரைவர் கைப்பிடி ஓரத்தில் ஒரு சின்ன மூடியைப் பாருங்கள், அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ரிமோட்டுக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி செருகியிருக்கும், பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கி உருவுங்கள். உள்ளே போனதும் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்து அமுக்கினால் பெரும்பாலும் வண்டி கிளம்பும். பல ரிமோட்டுகளுக்கு சிஆர்2032 பேட்டரிதான். கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும்.

இன்னொருவர், வீட்டிலிருக்கும் ரிமோட்டைப் போனில் அமுக்கச் சொல்லி, நம் போனைக் கதவருகே பிடித்தால் திறக்குமா என்று கேட்டார். திறக்காது. ரிமோட் அனுப்புவது ஒலி அல்ல, ரேடியோ அலை. போன் அதைக் கடத்தாது. டென்னிஸ் பந்தில் ஓட்டை போட்டுச் சாவித் துளையில் அழுத்தும் வித்தையும் அப்படித்தான், வேலைக்கு ஆகாது.

என் மாற்றுச் சாவி இப்போது இரண்டு தெரு தள்ளி இருக்கும் அத்தை வீட்டில், சாமி அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. அத்தை எங்கும் வெளியூர் போகிறவர் அல்ல.