'நெகட்டிவ்' வந்த பிறகு செய்யும் தவறுகள்

எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கு ஆறாவது வாரம். எச்.ஐ.வி. தொற்றியிருக்கிறதா என்று பார்க்க, குழந்தையின் குதிகாலில் குத்தி, தடித்த தாளில் வட்டம் வட்டமாக ரத்தப் பொட்டு வைத்து அனுப்புகிறார்கள். சில வாரம் கழித்து நம்பிக்கை மையத்துக்கு (எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) கூப்பிட்டு, "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லம்மா, நெகட்டிவ்" என்கிறார்கள். கர்ப்பம் முழுக்க ஒரு வேளை தவறாமல் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து விழுங்கிய தாய் அன்றைக்குத்தான் அசந்து தூங்குவார்.

தூங்கட்டும். ஆனால் அந்த 'ஒண்ணும் இல்ல' என்பதை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. ரத்தம் எடுத்த நாள்வரை எச்.ஐ.வி. தென்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். எச்.ஐ.வி. தொற்றாமல் தப்பிய இந்தக் குழந்தைகளுக்கும் நிமோனியா, ரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸ், மூளைக்காய்ச்சல் ஆகியவை மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக வருகின்றன. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும் எதிர்ப்புப் புரதங்கள் இங்கே குறைவாகவே போய்ச் சேர்கின்றன. குறைமாதம், எடைக்குறைவு, வீட்டிலேயே யாருக்காவது காசநோய் என்று மற்றவையும் சேர்ந்துகொள்ளும். இதை ஏழ்மை என்று ஒதுக்கவும் முடியாது. பெல்ஜியத்திலேயே இத்தகைய குழந்தைகளிடம் 'குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற பாக்டீரியாவின் கடும் தொற்று கூடுதலாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். தாய் கருத்தரிக்கும் முன்பே மருந்தைத் தொடங்கியிருந்தால் இந்த ஆபத்து குறைகிறது.

அடுத்தது, "சளிதான், சரியாயிடும்." இப்படிக் கடும் தொற்று வந்த கைக்குழந்தை பெரும்பாலும் அழுது ஊரைக் கூட்டாது, அடங்கிப் போகும். மார்பில் வாயை வைத்தால் நாலு தடவை உறிஞ்சிவிட்டு விட்டுவிடும். உள்ளங்காலைச் சுண்டினால்தான் அசையும். இப்படி இருந்தால் சட்டையைத் தூக்கிவிட்டு, குழந்தை அழாமல் இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்க வேண்டாம். பச்சைப் பிள்ளையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குள் என்றால் நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50. அதைத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, வலிப்பு வந்தாலோ வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. 108.

"உடம்பு சுடலையே" என்று காத்திருப்பவர்களும் உண்டு. பிறந்து இரண்டு மாதத்துக்குள் செப்சிஸ் வந்தால் உடம்பு சில்லிட்டும் போகலாம். அக்குளில் 37.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் எவ்வளவு ஆபத்தோ, 35.5-க்குக் கீழே இறங்கினாலும் அவ்வளவு ஆபத்து.

மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாட்டிக் சிரப் வாங்கி இரண்டு நாள் ஊற்றிப் பார்ப்பதை என்னவென்று சொல்ல? நோய் போகாது, அமுங்கும். அப்புறம் ஆஸ்பத்திரியில் ரத்தத்தையும் தண்டுவட நீரையும் எடுத்து வளர்த்துப் பார்த்தால் கிருமி எதுவென்று பிடிபடாமல் போகலாம்.

இனி பாட்டிமார்களிடம் வருகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். சேனை வைப்பது, பாலாடையில் சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, கழுதைப்பால், தொக்கம் எடுக்கிறேன் என்று வாய்க்குள் விரல் விடுவது எல்லாமே வெளிக்கிருமியை நேரே உள்ளே கொண்டுபோகிற வழிகள். எச்.ஐ.வி. உள்ள தாயின் பிள்ளைக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. வேறு உணவு பட்டுக் குடலின் உட்சுவர் புண்ணானால், பாலில் இருக்கக்கூடிய வைரஸுக்கும் வழி கிடைக்கிறது. அதனால்தான் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், கூடவே தாய் தன் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். ஒரு நாள் யாரோ தேன் தடவிவிட்டார்கள் என்று தாய்ப்பாலையே நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு.

புட்டிப்பால்தான் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவைச் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களுக்கு அந்நாட்டு அரசே பால்பவுடரை இலவசமாகக் கொடுத்துவந்தது. 2006 தொடக்கத்தில் பெருமழை பெய்து தண்ணீர் கெட்டது. வயிற்றுப்போக்கு பரவி நிறையக் குழந்தைகள் இறந்தன. நோயில் படுத்தவற்றில் மிகப் பெரும்பாலானவை தாய்ப்பால் குடிக்காத குழந்தைகள்.

ஆறாவது வாரம் தொடங்கும் கோ-டிரைமாக்சசோல் என்ற தடுப்பு மருந்து சிரப் விஷயத்தில் இரண்டு விதமாகத் தவறுகிறோம். நெகட்டிவ் என்றதும் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள் சிலர். தாய்ப்பால் தொடரும்வரை எச்.ஐ.வி. தொற்று வரும் வாய்ப்பும் தொடர்கிறது என்பதால், எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இன்னும் சிலர் அதைக் கவசம் மாதிரி நம்பிவிடுகிறார்கள். அது முக்கியமாக ஒரு பூஞ்சையால் வரும் நிமோனியாவைத் தடுக்கத் தரப்படுவது. எல்லாப் பாக்டீரியாவையும் அது தடுத்துவிடாது.

பாக்டீரியா நிமோனியாவுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் அணை போடுவது தடுப்பூசிதான். ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட் 6, 10, 14 வாரங்களில். நிமோகாக்கல் ஊசி 6, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும். அரசு இலவசமாகவே போடுகிறது. "இந்த மாதிரிப் பிள்ளைக்கு ஊசி போடலாமா?" என்று தள்ளிப்போடும் வாரங்கள்தான் கிருமிக்குத் தோதான வாரங்கள்.

கடைசியாக ஒன்று, சொல்லத் தயக்கமானது. இரவு பதினொரு மணிக்கு அவசரப் பிரிவில் டாக்டர் கேட்கிறார்: "அம்மாவுக்கு ஏதாவது நோய் இருக்கா?" பக்கத்தில் மாமியார், பின்னால் நாத்தனார். "இல்ல சார்." அந்த ஒரு பதிலில் சிகிச்சையின் திசையே மாறிப்போகலாம். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கூட்டத்தின் நடுவில் அந்தக் கேள்வியைக் கேட்டதுதான் தவறு. "டாக்டர், உங்ககிட்ட தனியா ஒரு நிமிஷம் பேசணும்" என்று கேட்கலாம். வாய் வரவில்லையா, மாத்திரை டப்பாவையோ சிகிச்சைப் புத்தகத்தையோ கையில் கொடுத்தாலே போதும். எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017-இன்படி உங்கள் நிலையை உங்கள் சம்மதமின்றி வெளியே சொல்வதும், அதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பதும் கூடாது.