பதினேழாவது சேனல் எங்கே?

என் அப்பா பென்னாகரம் பக்கத்தில் கூத்துக்கு முகவீணை என்ற சிறு ஊதுவாத்தியம் வாசிப்பவர். அவரிடம் கற்க வரும் பையன்கள் வீட்டில் பழக, கணினியில் பக்கவாத்தியம் செய்து கொடுக்கிறேன். முதலில் நான் மாட்டிக்கொண்டது மிடி சேனலில்தான். எந்தச் சுரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்று வாத்தியத்துக்குச் சொல்லும் கட்டளைமுறைதான் மிடி. அந்தக் கட்டளைகள் போகும் எண்ணிட்ட வழி சேனல்.

முகவீணையையும் சுருதியையும் ஒரே சேனலில் வைத்திருந்தேன். கமகத்துக்காகப் பிட்ச் பெண்டை (சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் கட்டளை) அசைத்தால் சுருதியும் சேர்ந்து வழுக்கியது. கேட்ட அப்பா, "சுருதியே ஆடுனா பையன் எதைப் புடிச்சிட்டுப் பாடுவான்?" என்றார். பிட்ச் பெண்ட் தனி ஒரு சுரத்துக்குப் போவதில்லை. அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லாவற்றையும் இழுக்கும். அதனால் வளைந்து பாடும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனிச் சேனல் கொடுங்கள். சுருதியை யாரோடும் சேர்க்காதீர்கள்.

பிட்ச் பெண்ட் வழக்கமாக மேலே 2, கீழே 2 அரைச்சுரம்தான் போகும். முகவீணைக்கு அது எனக்குப் போதவில்லை. பாட்டின் தொடக்கத்தில் கன்ட்ரோலர் (ஒலியின் அமைப்பை மாற்றும் எண்ணிட்ட கட்டளை) 101-க்கு 0, 100-க்கு 0, பிறகு 6-க்கு 4 என்று அந்தச் சேனலில் அனுப்பினால் 4 அரைச்சுரம் வரை போகும்.

இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் சேனல் சீக்கிரம் தீர்ந்துவிடும். மிடி செய்தியில் சேனல் எண்ணுக்கு 4 பிட்தான் இடம், ஆகவே 16-க்கு மேல் கிடையாது. ஜெனரல் மிடி என்ற பொது விதிமுறையில் 10-ஆவது சேனல் தாளவாத்தியத்துக்குப் போய்விடும். மீதி 15.

முதலில் சிக்கனம் பாருங்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வரும்போது மட்டும் ஒலிக்கும் குழலுக்கு 7-ஆவது சேனல் என்றால், அவன் போனதும் புரோகிராம் சேஞ்ச் அனுப்பி அதையே வேறு வாத்தியமாக்கலாம். பழைய ஒலி அடங்கிய பிறகு மாற்றுங்கள். வால்யூம் (கன்ட்ரோலர் 7), பேன் (ஒலி இடமா வலமா என்பது, கன்ட்ரோலர் 10), பிட்ச் பெண்ட் மூன்றும் பழைய நிலையிலேயே நிற்கும். அவற்றையும் புதிதாக அனுப்புங்கள்.

அதுவும் போதவில்லையா? பதினேழாவது சேனலைத் தேடாதீர்கள், இரண்டாவது போர்ட்டை, அதாவது மிடி போய்ச்சேரும் இன்னொரு வாசலைத் திறங்கள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியாக 16 சேனல் உண்டு. 1998-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் என்ற கணினி ஒலி கார்டே ஏ, பி என்று இரண்டு சிந்த் (மிடியை ஒலியாக்கும் கருவி) போர்ட் காட்டியது. நான் லினக்ஸில் கியூசிந்த் என்ற மென்பொருள் சிந்த் வைத்திருக்கிறேன். அதன் செட்டப்பில் மிடி பகுதிக்குப் போய், சேனல் எண்ணிக்கையை 16-லிருந்து 32 ஆக்கி, எஞ்சினை மறுபடி தொடங்கினால் இரண்டு போர்ட் தெரியும். இசை மென்பொருளில் ஒவ்வொரு டிராக்குக்கும் போர்ட், சேனல் இரண்டையும் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் என்றால் லூப்மிடி என்ற மென்பொருளில் இரண்டு போர்ட் உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிந்தை இணைத்தால் சரி.

வெளியே இருக்கும் கீபோர்டுக்குப் பழைய வட்ட மிடி கேபிளில் அனுப்புபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதன் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு சுரத்தைத் தொடங்கவே ஏறக்குறைய 1 மில்லி நொடி ஆகும். ஒரே அடியில் 12 சுரம் விழுந்தால் கடைசிச் சுரம் பிந்திவிடும். மத்தளத்தையும் தாளத்தையும் டிராக் வரிசையில் மேலே வையுங்கள். பல மென்பொருள்கள் அந்த வரிசையிலேயே அனுப்பும். சுருதி கொஞ்சம் பிந்தினால் யாருக்கும் தெரியாது. மத்தளம் பிந்தினால் ஆடுபவரின் கால் தடுமாறும்.

வேலை முடிந்ததும் மிடி கோப்பாக யாருக்கும் அனுப்பாதீர்கள். இரண்டாவது போர்ட் விவரம் பல மென்பொருள்களில் விட்டுப்போய், எல்லாம் முதல் 16 சேனலில் வந்து விழும். நான் எம்பி3 ஆக்கித்தான் பையன்களின் போனுக்கு அனுப்புகிறேன்.