டாக் ஃபுட் வாங்கும்போது பையைத் திருப்பிப் பாருங்கள்

பையின் முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம்: கறித்துண்டு, கேரட், பளபளக்கும் லேப்ரடார். நீங்கள் படிக்க வேண்டியதெல்லாம் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. வேலூர், காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை என எந்த ஊர்க் கடையில் வாங்கினாலும், பையைத் திருப்பி இரண்டு நிமிடம் செலவிட்டால் மாதச் செலவும் குறையும், நாயின் உடம்பும் தேறும்.

முதலில் "முழுமையான, சமச்சீர் உணவு" என்று எழுதியிருக்கிறதா, எந்த வயதுக்கு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். குழம்பு பாக்கெட், பிஸ்கட், குச்சி வகைகளில் பல வெறும் தின்பண்டங்கள்தான். அவற்றை நம்பி நாயை வளர்க்க முடியாது.

அடுத்தது சதவீத அட்டவணை. விலங்குத் தீவனத்துக்கு அளவுகோல் வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஆஃப்கோ (AAFCO) வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு, ஈரம் நீக்கிய கணக்கில், வளர்ந்த நாய்க்குப் புரதம் 18 சதவீதம், கொழுப்பு 5.5 சதவீதம். குட்டிக்கும் சினை நாய்க்கும் 22.5, 8.5. ஈரம் நீக்கிய கணக்கு என்றால் இதுதான்: பையில் புரதம் 20, ஈரம் 10 என்று இருந்தால், 20-ஐ 90-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள், 22.2 வரும். ஈர உணவு டின்னில் "புரதம் 8" என்று பார்த்துவிட்டு மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். ஈரம் 80 என்றால் அது உண்மையில் 40 சதவீதப் புரதம். ஆனால் மீதி எல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

கலந்த பொருள்களின் பட்டியல், வேகவைப்பதற்கு முன் இருந்த எடை வரிசையில் இருக்கும். "கோழிக்கறி" முதலில் இருப்பதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். பச்சைக் கறியில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர்தான். உருண்டையாக வெந்து காய்ந்தபின் உள்ள எடையில் அடுக்கினால் அது பட்டியலில் கீழே போய்விடும். உலர்த்திப் பொடித்த கோழிக்கறித் தூளில் தண்ணீர் குறைவு என்பதால் அது மேலே இருந்தால் நல்லது. மக்காச்சோளம், மக்காச்சோளப் பசைப்பொருள் (கார்ன் குளூட்டன்), அரிசி, அரிசித் தவிடு என்று தானியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதியிருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். பல பைகளில் முதலிடம் உண்மையில் தானியத்துக்குத்தான்.

அதற்காகத் தானியமே கூடாது என்று அதிக விலை கொடுத்து "தானியமில்லா" பை வாங்க வேண்டியதில்லை. வெந்த மாவுச்சத்தை நாய் நன்றாகவே செரிக்கும். தானியத்துக்குப் பதில் பட்டாணி, பருப்பு நிறையச் சேர்த்த உணவுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் விசாரணையே தொடங்கியது.

விலையை மூட்டைக்கு மூட்டை ஒப்பிடாதீர்கள். ஒரு நாள் செலவை ஒப்பிடுங்கள். பையில் கலோரி போடவில்லையென்றால் நீங்களே போடலாம். 100-இலிருந்து புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் (உணவை எரித்தால் மிஞ்சும் தாது உப்பு) ஐந்தையும் கழியுங்கள். சாம்பல் அளவு இல்லையென்றால் 8 என்று வையுங்கள். மிச்சம்தான் மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கு எவ்வளவு கலோரி என்று வந்துவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு. முதல் பை கிலோ 200 ரூபாய்: புரதம் 20, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 10. கலோரி ஏறத்தாழ 320. இரண்டாவது கிலோ 280 ரூபாய்: புரதம் 26, கொழுப்பு 14, நார் 4, ஈரம் 10. கலோரி 343. கருத்தடை செய்த 15 கிலோ நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி வேண்டும். முதல் பையில் 266 கிராம், 53 ரூபாய்; இரண்டாவதில் 248 கிராம், 69 ரூபாய். கிலோ விலையில் 40 சதவீத வித்தியாசம். தினச் செலவில் 30. 100 கிராம் புரதத்துக்கு என்று பார்த்தாலோ 100 ரூபாய்க்கும் 108 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம்தான். வளரும் குட்டிக்கு இரண்டாவது பை தகும். வீட்டு வாசலிலேயே படுத்துக் கிடக்கும் வயதான நாய்க்கு முதல் பையே போதும்.

மூட்டையைப் பிரித்து லூஸில் விற்பதை மட்டும் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். அதில் தயாரித்த தேதி கிடையாது, பேட்ச் எண் கிடையாது, திறந்து எத்தனை நாள் ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஏப்ரல், மே மாதத்தில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கூரைக் கடையில் வாய் திறந்து நிற்கும் மூட்டையில் உருண்டைமேல் பூசிய கொழுப்பு சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். பழைய எண்ணெய் வாடை வந்தால் அதுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேறு ஆபத்து: ஈரம் ஏறிய சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். அது ஈரலைக் கெடுக்கும், வெந்தாலும் போகாது. சோர்வு, வாந்தி, ஈறும் கண்ணும் மஞ்சளாவது, கறுப்பு மலம் இவற்றில் ஏதாவது தெரிந்தால் உணவை நிறுத்திவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள், பையையும் எடுத்துக்கொண்டு. நாலு முதல் ஆறு வாரத்தில் தீரும் அளவுப் பையாக வாங்கி, பையோடு அப்படியே மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். டப்பாவில் கொட்டினால் ஓரத்தில் ஒட்டிய பழைய கொழுப்பு புதியதையும் கெடுக்கும்.

அறம் என்ற கேள்வியில் பலர் தடுமாறுவது "உபபொருள்" என்ற சொல்லில். கறி போக மிஞ்சும் ஈரல், இரைப்பை, நுரையீரல் போன்ற உறுப்புகள்தான் அவை, நாய்க்கு நல்ல உணவு. ஏற்கெனவே அறுத்த விலங்கில் வீணாகாமல் பயன்படும் பாகத்தைவிட நேர்மையான கறி வேறில்லை. நெஞ்சுக்கறி மட்டுமே போட்ட பை அதைவிட உயர்ந்தது அல்ல. நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்: கறி எங்கிருந்து வருகிறது, கலவையை வகுத்தவர் கால்நடை ஊட்டச்சத்து படித்தவரா, ஒவ்வொரு பேட்சிலும் பூஞ்சை நச்சு பரிசோதிக்கிறீர்களா, எந்த ஆலையில் தயாராகிறது? பதில் சொல்லாத நிறுவனத்தின் "இயற்கை" என்ற சொல்லுக்கு மதிப்பு கொடுக்க வேண்டாம்.

நம் பக்கத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு தோல் பதனிடும் ஷாப்களின் வெட்டுத்துண்டை நாய் மெல்லக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பதப்படுத்திய தோலில் குரோமிய உப்பு இருக்கும். அது உணவே அல்ல. நாய் மெல்வதற்கென்று தோலை எலும்பு வடிவில் முறுக்கிக் கடையில் விற்கும் தோல் எலும்பும் வயிற்றில் ஊறிப் பெருத்துக் குடலை அடைக்கக்கூடியது. பிரியாணி மிச்சமும் கூடாது. வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை அழிக்கும்.

செலவைக் கட்டுக்குள் வைக்க இன்னொரு வழி பாதிப் பை, பாதிச் சமையல். அதே 15 கிலோ நாய்க்கு, முதல் பை உணவு 130 கிராம். அதோடு நொய் 60 கிராம், எலும்பு நீக்கிய, தோலுள்ள கோழிக்கறி 80 கிராம், கோழி ஈரல் 10 கிராம், ஒரு பிடி பூசணி, அரை டீஸ்பூன் எண்ணெய். உப்பு, மசாலா வேண்டாம். குழைய வேகவைத்து ஆறியதும், முட்டை ஓட்டை வேகவைத்து உலர்த்தி மாவாக அரைத்த தூள் கால் டீஸ்பூன் கலக்குங்கள். அரை கிராம் கால்சியம் கிடைக்கும். இது இல்லாத கறிச்சோறு குட்டிகளுக்குக் கால் வளைய ஒரு காரணம். ஆனால் முழுக்கப் பை உணவு தின்னும் குட்டிக்குக் கால்சியம் டானிக் கொடுக்காதீர்கள், முக்கியமாகப் பெரிய சாதிக் குட்டிக்கு. மிஞ்சிய கால்சியமும் எலும்பைக் கெடுக்கும்.

கறிக்கடையில் ஆட்டு நுரையீரலோ ஈரலோ மலிவாகக் கிடைத்தால் பச்சையாகப் போடவே கூடாது. அதில் நீர்க்கட்டிப் புழு இருந்தால் நாய் வயிற்றில் வளர்ந்து, அதன் மலம் வழியாக வீட்டுப் பிள்ளைகளுக்கு வரும். உள்ளே சிவப்பு முழுக்க மறையும் வரை வேகவையுங்கள்.

புது உணவுக்கு மாற ஏழு நாள் எடுங்கள்: இரண்டு நாள் கால் பங்கு, இரண்டு நாள் அரை, இரண்டு நாள் முக்கால், பிறகு முழுசாக. அவசரப்பட்டால் பேதி ஆகும், புது உணவின்மேல் வீண்பழி விழும். ஒரு மாதம் கழித்து விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு விரலில் பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. தடவியும் படவில்லையென்றால் அளவில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.