குன்றிமணியில் ஊசி ஏற்றாதீர்கள்: சின்னப் பிள்ளைகளோடு கைவேலை செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒரு முன்பள்ளியில், இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளின் தாய்மாருக்கு ஓலையிலும் சிரட்டையிலும் கைவேலை சொல்லிக் கொடுக்கப் போயிருந்தேன். அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பைகளைப் பாயில் கொட்டியபோது, என்னுடைய மகள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் நான் ஆசையோடு சேர்த்து வைத்திருந்த அதே பொருட்கள் ஒன்றுவிடாமல் வந்து விழுந்தன. கத்தரிக்கோலைப் பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது, மண்ணைத் தின்ன விடக் கூடாது என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

பனையோலையோடு தொடங்குவது

யாழ்ப்பாணத்தில் கைவேலை என்றதும் பனையோலைதான் நினைவுக்கு வரும். ஆனால் முற்றிய ஓலையின் ஓரம் பிள்ளையின் விரலை வெட்டும். மட்டையின் கருக்கு பெரியவர்களின் கையையே கிழிக்கும். அது போதாதென்று, வெட்டிய அன்றே பச்சை ஓலையில் இழைத்த பெட்டி, ஓலை காய்ந்து சுருங்கியதும் இடைவெளி விட்டுத் தளர்ந்துவிடும். பெட்டி இழைக்கும் பெண்கள் சார்வோலையை முதலில் காயவைத்து, இழைக்கும் முன் நீர் தெளித்துப் பதப்படுத்துவது இதற்காகத்தான்.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு வேலியிலுள்ள பூவரசம் இலையே போதும். சுருட்டி, ஒரு நுனியை நசுக்கி ஊதினால் பீப்பீ ஆகிவிடும். முதல் சில நாட்களுக்குப் பிள்ளை ஊதாது, உறிஞ்சும். ஆகவே இலையைக் கழுவிக் கொடுங்கள். மாரிக்காலமாக இருந்தால், பறிக்கும் முன் இலையின் அடிப்புறத்தில் மயிர்க்கொட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஈர்க்கு

பிஞ்சுக் காய்களில் செய்யும் குரும்பட்டித் தேரில் ஈர்க்குக் குத்துவது பெரியவரின் வேலை. தேரை இழுப்பது பிள்ளையின் வேலை.

குன்றிமணி

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். அன்று பாயில் விழுந்த பைகளுள் மூன்றில் குன்றிமணி இருந்தது. சிரட்டையில் செய்த ஆந்தைக்குக் கண் வைக்க, மாலை கோக்க, கிலுகிலுப்பைக்குள் போட என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. சிவப்பும் கறுப்புமான அந்த அழகுக்கு நானும் மயங்கியவள்தான். மகளுக்கு இரண்டரை வயதானபோது, ஊசியை விளக்கில் சுட்டு, மணி மணியாகத் துளைத்து, அவளுடைய கைக்கு ஒரு காப்பு கோத்துக் கொடுத்தேன். அன்று பின்னேரமே நூல் அறுந்தது. சிதறியவற்றைப் பொறுக்கிய பிறகுதான், எத்தனை மணி கோத்தேன் என்பதை எண்ணி வைக்கவில்லை என்பது உறைத்தது. நூலின் நீளத்தைப் பார்த்தால் ஒன்றாவது குறைந்திருந்தது. பிள்ளையோ வாயைத் திறக்க மறுத்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். வைத்தியர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "முழு மணியா, துளைச்ச மணியா?" என்பதுதான். அந்தக் கேள்வியின் பொருளைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். குன்றிமணியின் தோல் மிகக் கடினமானது. கடிபடாமல் விழுங்கப்பட்ட முழு விதை பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். உள்ளே அப்ரின் என்ற கொடிய நச்சுப் புரதம் இருக்கிறது. பிள்ளை மென்றாலும் சரி, நாம் ஊசியால் துளைத்தாலும் சரி, அந்த நஞ்சுக்கு வழி திறந்துவிடுகிறது. அதற்கென்று மாற்று மருந்து கிடையாது; வாந்தியும் வயிற்றோட்டமும் சில மணித்தியாலங்கள் கழித்தோ, ஓரிரு நாட்கள் கழித்தோகூடத் தொடங்கலாம். துளைக்கும்போது உதிரும் தூளும் அதே நஞ்சுதான். மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரவு முழுவதும் அவளுடைய கட்டிலருகே விழித்திருந்துவிட்டு வீடு திரும்பியபோது, காணாமற்போன மணி பாயின் மடிப்பில் கிடந்தது.

இதைச் சொன்னால், "நாங்களும் சின்னனிலை குன்றிமணி வைச்சுத்தானே விளையாடினனாங்கள், ஒண்டும் நடக்கேல்லையே" என்ற பதில் உடனே வரும். அன்றும் வந்தது. நீங்கள் குழியிலே போட்டு எண்ணி விளையாடியது முழு மணி. பொற்கொல்லர் தராசில் வைத்து நிறுத்ததும் முழு மணி. கைவேலை என்ற பெயரில் அதைத் துளைத்து, எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயதுப் பிள்ளையின் கையில் கட்டுவது வேறு காரியம்.

நஞ்சில்லாத விதையாக இருந்தாலும் அளவைப் பாருங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களைச் சோதிக்க, 3.17 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஓர் உருளை பயன்படுத்தப்படுகிறது. அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் தொண்டையில் அடைக்கக்கூடியது. புளியங்கொட்டையும் சோகியும் (சோழியும்) அதற்குள் தாராளமாக அடங்கும்.

பால் வடியும் செடிகள்

அலரி நஞ்சு என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எருக்கலையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பிள்ளையாருக்கு மாலை கட்டும் பூ என்பதால் அதன்மேல் ஒரு நம்பிக்கை. அதன் பால் கண்ணில் பட்டால், வலி பெரிதாகத் தோன்றாமலே பார்வை மங்கக்கூடும். குறோட்டன் இலையின் பால் சட்டையில் கறையாகும், தோலையும் உறுத்தும்.

பசை

சோற்றுப் பசை போதும். இரவில் வெளியே வைத்தால் காலையில் எறும்புகளே மிஞ்சும்.

பிள்ளை ஒட்டியதைத் திருத்துவது

வேண்டாம்.

பனங்கொட்டையை மறப்பது

சின்ன விதைகளைத் தேடி அலைபவர்கள், ஆடி ஆவணியில் முற்றத்திலேயே விழும் பனம்பழத்தைக் கவனிப்பதில்லை. நம்மைப் பனங்கொட்டை சூப்பிகள் என்று கேலி செய்பவர்கள் செய்யட்டும். பிள்ளையின் தொண்டைக்குள் போக முடியாத அளவில், தலைமயிரோடு பிறந்த பொம்மை வேறு எந்த மரத்தில் காய்க்கிறது? களி துளியும் இல்லாமல் தும்பை அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பழைய சீப்பு ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்தால், நெடுநேரம் வாரிக்கொண்டிருக்கும். கண்ணுக்குப் பூவரசம் பூவின் இதழ்களை ஒட்டலாம். ஆனால் கொட்டைகளை முன்கூட்டியே கேட்டு எடுத்து வையுங்கள். பாத்தி போட்ட பிறகு தோண்டினால், கிழங்குக்காகக் காத்திருக்கும் மாமிக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.